இறாலுக்குப் பியர் எதற்கு?



இரண்டு நாளாக நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு இறால் வீடியோ சுற்றுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாவில் பியரை ஊற்றிக் கரைத்து, இறாலை முக்கிப் பொரித்தெடுக்கிறார். கீழே இரண்டு கூட்டம். "கொதிக்கிற எண்ணெயில மதுசாரம் எல்லாம் ஆவியாகிடும், பயப்பட வேணாம்" என்று ஒன்று. "ஹராம், பகிர்ந்த ராத்தாமார் தௌபா செய்யுங்க" என்று மற்றது. எனக்கு இரண்டோடும் சண்டை.

முதல் கூட்டத்துக்கு: எதனோல் 78 பாகை செல்சியசில் கொதிக்கும், சரி. அதற்காக நீரோடு கலந்த எதனோல் 78 ஆனதும் மூட்டை கட்டிக்கொண்டு மொத்தமாகப் போய்விடாது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணையைப் பாருங்கள். கலந்து 15 நிமிடம் சமைத்தாலும் 40 வீதம் மிஞ்சுகிறது. இரண்டரை மணித்தியாலம் போனாலும் 5 வீதம். இறால் எண்ணெயில் கிடப்பது இரண்டு, மூன்று நிமிடம். மெல்லிய மாப்படை என்பதால் அதே கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் "எல்லாம் போயிடும்" என்று சத்தியம் பண்ண முடியாது. முழுக்கப் போனாலும் என்ன? நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர்கள். மது நஜீஸ்; சமைத்தால் அது சுத்தமாகிவிடாது. அதைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவருவது தனிக் கதை. "மதுசாரமற்ற பியர்" என்று வருகிறவற்றிலும் சிலதில் 0.5 வீதம் வரை இருக்கும். லேபலை வாசியுங்கள்.

இரண்டாவது கூட்டத்தில்தான் எனக்குக் கோபம் கூட. ஹராம் என்பது சரி. அந்த ஒரு சொல்லோடு ஏன் கதவைச் சாத்துகிறீர்கள்? தரம் 10 பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், அப்ப நமக்கு அந்த மாதிரி மொறுமொறு இறால் கிடைக்காதா?" மார்க்கம் தன்னிடமிருந்து ஒரு ருசியைப் பறித்துவிட்டது என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. பியர் அந்த மாவில் என்ன வேலை செய்கிறது என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

பெரிய வேலை காபனீரொட்சைட்டின் வேலை. வாயுக் குமிழிகள் சூட்டில் விரிந்து மாவைப் பஞ்சாக்குகின்றன. மதுசாரம் கோதுமையின் குளுட்டன் இறுகாமல் கொஞ்சம் தடுக்கிறது. வாயுவைக் கடைச் சோடா தரும். குளுட்டனைக் குறைக்க நம்ம அரிசிமாவே போதும். பியரின் லேசான கசப்பு மட்டும் வராது. அது இல்லையென்று வாவி இறால் அழப்போவதில்லை.

அரைக் கிலோ இறாலுக்கு ஒரு கப் கோதுமைமா, அரைக் கப் வறுக்காத அரிசிமா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், உப்பு, மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள். சோடா வெறும் சோடாவாக இருக்கட்டும், ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்ததாக. ஒரு கப் ஊற்றிப் பார்த்து, தேவைக்குக் கூட்டுங்கள். ஜிஞ்சர் பியர் வேண்டாம்: பெயரில் பியர் இருப்பதற்காக இல்லை (கலியாண வீட்டில் புரியாணிக்குப் பிறகு அதைக் குடிக்காதவர் யார்?), சீனி இருப்பதால் மா கருகிவிடும். எண்ணெய் காய்ந்த பிறகுதான் சோடாவை ஊற்ற வேண்டும், முன்னமே கரைத்து வைத்தால் வாயு போய்விடும். கட்டி இருந்தாலும் பரவாயில்லை, அடித்துக் கலக்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது இறாலில். நரம்பெடுத்துக் கழுவியதும் துணியால் ஈரம் ஒற்றி, வெறும் மாவில் ஒருமுறை புரட்டுங்கள். இல்லாவிட்டால் மா சட்டை மாதிரிக் கழன்றுவிடும். ஒரு துளி மாவு போட்டால் உடனே மேலே வர வேண்டும். 180 பாகை அளவில் அப்படி வரும். ஒரு ஈட்டுக்கு ஆறு, ஏழு இறாலுக்கு மேல் போடாதீர்கள், எண்ணெய் குளிர்ந்து மா எண்ணெயைக் குடிக்கும். எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். கடதாசியில் குவித்தால் சொந்த ஆவியிலேயே சொதசொதத்துப் போகும்.

ஃபத்வா எழுதிய காக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கமெண்ட் போடுவதற்கு முன், வீட்டில் அந்த அரைக் கிலோ இறாலை உரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.