மாணவ வீரர் விளம்பரத்தில் தோன்றலாமா?

கொச்சியை ஒட்டிக் காயல் நீர் சூழ்ந்து கிடக்கும் ஊர் கும்பளங்கி. கரையோரச் சீனவலைகளும் இறால் வளர்க்கும் நீர்நிலைகளும் பொக்காளி நெல் விளையும் உவர்நிலங்களும் அவ்வூரின் அடையாளங்கள். மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்று அது பெயர் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2019இல் ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்னும் மலையாளத் திரைப்படம் வெளிவந்தபின் அதன் பெயர் கேரளத்துக்கு வெளியிலும் பரவியது. மீனவர் வலை இறக்குவதையும் மகளிர் கயிறு திரிப்பதையும் பயணிகள் கண்டு மகிழ்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், அதற்குப் பணமும் தருகின்றனர். ஓர் ஊர் தன் முகத்தைக் காட்டிப் பொருளீட்டுவதை எவரும் இழிவாக எண்ணுவதில்லை.

அவ்வூரில் வாடகை வீட்டில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாகக் கொள்க. தந்தை கட்டடத் தொழிலாளி. தாய் துணி தேய்த்துக் கொடுப்பவர். மகள் எர்ணாகுளத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவி. 400 மீட்டர் ஓட்ட வீராங்கனை. விடியுமுன் பேருந்து ஏறி, மகாராஜாஸ் கல்லூரி மைதானத்துச் செயற்கை ஓடுபாதையில் பயிற்சி செய்துவிட்டு வகுப்புக்குச் செல்பவள். பல்கலைக்கழகப் போட்டியில் அவள் வென்ற செய்தி நாளிதழில் படத்துடன் வெளிவருகிறது. அடுத்த வாரம் தோப்பும்படியில் காலணிக் கடை நடத்தும் ஒருவர் வீடு தேடி வருகிறார். கடை வாயிற் பலகையில் அவள் படத்தை இட இசைந்தால், ஓட்டத்திற்குரிய ஸ்பைக்ஸ் காலணி ஒரு சோடியும், ஓராண்டுக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் தருவதாகச் சொல்கிறார்.

தாய்க்கு மகிழ்ச்சி. தந்தைக்கோ தயக்கம். “படிக்கிற பிள்ளைக்குப் பணம் எதற்கு? பெயர் கெட்டுவிடாதா?” என்று கேட்கிறார். குடும்பம் கற்பனையே எனினும் கேள்வி கற்பனையன்று. உலகின் பெரிய விளையாட்டு அமைப்புகள் நூறாண்டுக்கும் மேலாக விவாதித்து வந்த கேள்வி அது.

பணம் பெறாமல் ஆடுவதே உயர்ந்த விளையாட்டு என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வலுப்பெற்றது. கேட்பதற்கு அது தூய கொள்கையாகத் தோன்றும். அதன் உட்பொருளை அறிய ஒரு விதி போதும். தேம்ஸ் ஆற்றில் நடைபெறும் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியின் 1879ஆம் ஆண்டு விதிப்படி, கூலிக்கு உழைக்கும் கைவினைஞரும் தொழிலாளியும் அப்போட்டியில் துடுப்புப் பிடிக்க இயலாது. படகு வலித்துப் பணம் பெற்றவர் மட்டுமல்லர். எந்தக் கைத்தொழில் செய்து கூலி பெற்றவரும் விலக்கப்பட்டனர். பணத்தை இகழ்ந்தவர்கள் யாரெனின், பணம் முன்னமே உடையவர்கள். கட்டடத் தொழிலாளியான அத்தந்தை, தம்மைப் போன்றோரை வாயிலில் நிறுத்திய ஒரு கொள்கையைத் தம் மகளின் நற்பெயருக்காக இன்று தாமே காக்க முயல்கிறார்.

அக்கொள்கையால் பெருந்துயர் உற்றவர்களுள் ஜிம் தோர்ப் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்கத் தொல்குடியைச் சேர்ந்த அவர், 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டி கொண்ட பென்டத்லானிலும் பத்துப் போட்டி கொண்ட டெக்கத்லானிலும் தங்கம் வென்றார். மாணவராக இருந்த காலத்தில், 1909, 1910ஆம் ஆண்டுகளில் சிறிய பேஸ்பால் அணி ஒன்றில் சொற்பப் பணத்திற்கு ஆடியவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. 1913இல் இரு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. அக்காலத்தில் கல்லூரி மாணவர் பலர் கோடைவிடுமுறையில் புனைபெயரில் ஆடிப் பணம் பெற்றனர். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே ஆடினார். ஆகவே எளிதில் அகப்பட்டார். அவர் 1953இல் மறைந்தார். பதக்கங்களின் மறுவார்ப்புகள் அவருடைய மக்களின் கைக்கு வந்தது 1983இல். அவர் ஒருவரே அவ்விரு போட்டிகளின் வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு முழுமையாக ஏற்றதோ 2022இல்.

அதே அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெருவணிகமாக வளர்ந்தது. அரங்குகள் நிறைந்தன, தொலைக்காட்சி உரிமைகள் பெருந்தொகைக்கு விற்பனையாயின, பயிற்றுநர் பலர் பேராசிரியரினும் பன்மடங்கு ஊதியம் பெற்றனர். ஆடிய மாணவர் மட்டும் தம் பெயரையோ படத்தையோ கொண்டு பொருளீட்டலாகாது என்று கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருந்தது. எட் ஓ’பானன் என்னும் முன்னாள் கூடைப்பந்து வீரர், கணினி விளையாட்டு ஒன்றில் தம்மைப் போலவே ஓர் உருவம் தம் சட்டை எண்ணுடன் ஆடுவதைக் கண்டார். அதற்காக அவருக்கு ஒரு காசும் வந்ததில்லை. 2009இல் அவர் வழக்குத் தொடுத்தார். கலிபோர்னியா மாநிலம் 2019இல் மாணவ வீரர்களின் விளம்பர வருவாயை அனுமதிக்கும் சட்டம் இயற்றியது. 2021 ஜூலை முதல் நாளன்று சங்கமும் தடையைத் தளர்த்தியது. 2025இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. ஆயினும் மாணவர் விசாவில் அங்குச் சென்று ஆடும் அயல்நாட்டவர்க்கு, வேலை செய்து ஈட்டுவதைக் கட்டுப்படுத்தும் விசா விதிகளால் இவ்வுரிமை முழுமையாகக் கிட்டவில்லை. பிழைக்க வந்த இடத்தில் விதிகள் வேறாக இருப்பது எந்த நாட்டிலும் புதிதன்று.

இந்தியாவின் கதை வேறு வகையானது. இங்கு மாணவ வீரர் மிகுதியாக ஈட்டிவிடுவாரோ என்னும் அச்சம் எழுவதற்கு முன்பே, அவர் உண்பதற்கும் உடுப்பதற்கும் பயணம் செய்வதற்கும் வழி உண்டா என்னும் கேள்வி எழுகிறது.

மராட்டிய மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவ் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அப்பயணத்திற்குப் பணமில்லை. அவர் பயின்ற கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். நாடு திரும்பிய ஜாதவ், மல்யுத்தப் போட்டிகள் நடத்திக் கிடைத்த பணத்தைக் கொண்டு அவ்வீட்டை மீட்டுக் கொடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். வீரத்தைக் காட்டிப் பணம் பெற்றார் என்று அவரைக் குறை கூறுவார் உண்டோ? அந்த ஆசிரியரின் வீடு மீண்டதே பெரிது என்றுதான் எவரும் எண்ணுவர்.

கேரளத்தின் பி. டி. உஷா, 1976இல் மாதம் 250 ரூபாய் அரசு உதவித்தொகையுடன் கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தவர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்தார். அங்கு ஏற்ற உணவு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டே ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் வலுக் குறைந்ததற்கு அதுவே காரணம் என்றும் பின்னாளில் அவர் கூறினார். நூற்றில் ஒரு பங்கு நொடியைப் பற்றிப் பேசுவோர் பலர். கஞ்சியைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அண்மைக் காலத்தில், 2024 டிசம்பரில் தம் பதினெட்டாம் வயதில் உலகச் சதுரங்க வாகை சூடிய சென்னையின் குகேஷும் தம் குடும்பம் பொருள் நெருக்கடியைக் கண்டதை மறைக்கவில்லை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் பெற்றோரின் நண்பர்கள் பணம் கொடுத்து உதவியதால்தான் போட்டிகளுக்குச் செல்ல முடிந்தது என்று அவரே கூறியுள்ளார். மருத்துவரான தந்தையும் நுண்ணுயிரியலாளரான தாயும் உடைய வீட்டிலேயே இந்நிலை. துணி தேய்க்கும் தாயின் நண்பர்கள் எவ்வளவு தர இயலும்?

அரசு உதவியே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்குக் கைச்செலவுக்கென மாதம் 10,000 ரூபாய் கிடைக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும், இரயில்வேயிலும் காவல்துறையிலும் வேலையும் கிடைப்பதுண்டு. ஆனால் தேர்வாகாதவர் தொகை பெரிது; தேர்வாகும் வரையிலான ஆண்டுகளே கடினமானவை. காலணியும் பேருந்துக் கட்டணமும் முட்டையும் பாலும் அந்த ஆண்டுகளில்தான் தேவை.

மாணவ வீரர் பணம் பெறுவது கேரளத்துக்குப் புதிதும் அன்று. மலப்புறம் முதலிய வட மாவட்டங்களில் இரவு விளக்கொளியில் நடைபெறும் செவன்ஸ் கால்பந்து ஆட்டங்களில், கல்லூரி மாணவரும் ஆட்டத்திற்கு இவ்வளவு என்று பேசி ஆடுகின்றனர். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏற்பு அவ்வாட்டத்திற்கு இல்லை. வாய்ச்சொல்லே ஒப்பந்தம் என்னுமிடத்தில் முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? படிப்பையும் உடலையும் காக்க வேண்டும் என்போர் அஞ்ச வேண்டியது இதற்கே. காலணிக் கடைப் பலகையில் படமாக நிற்பதால் எவருடைய முழங்காலும் முறிவதில்லை.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். மாணவ வீரரின் படம் ஏற்கெனவே விளம்பரமாகிக்கொண்டுதான் இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் பலவற்றின் சேர்க்கைக் கையேட்டையும் நுழைவாயில் பதாகையையும் நோக்கினால், பதக்கம் அணிந்த மாணவர் சிரித்துக்கொண்டு நிற்பர். அப்படத்தைக் கண்டு புதிய மாணவர் சேர்கின்றனர்; கட்டணம் செலுத்துகின்றனர். அங்கே பணம் பெறுவது நிறுவனம். பெருமை மட்டும் மாணவருக்கு. பெருமையைக் கொண்டு பால்காரருக்குக் கணக்குத் தீர்க்க இயலாது. விளம்பரம் மாணவரைக் கெடுக்கும் என்று கூறும் நிறுவனம், முதலில் தன் வாயிற் பதாகைக்கு அம்மாணவரின் இசைவைக் கேட்கட்டும்.

எதிர்வாதங்களில் வலுவானவையும் உண்டு. அணி விளையாட்டில் ஒருவர் படம் மட்டும் பலகையில் ஏறினால் மற்றவர் மனம் புண்படலாம். அழகிய முகத்திற்குக் கிடைக்கும் விளம்பரம் சிறந்த காலுக்குக் கிடைக்காமற் போகலாம். கிரிக்கெட்டுக்குக் கிடைப்பது கோ-கோவுக்குக் கிடைப்பதில்லை. இவை உண்மை. விளம்பர வருவாய் நீதியான பங்கீடு அன்று. அதைக் காட்டி அரசும் கல்லூரியும் தம் கடமையிலிருந்து நழுவக்கூடாது. ஆனால் எல்லார்க்கும் கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைக்கும் ஒருத்தியின் கையைத் தட்டிவிடுவது எவ்வாறு நீதியாகும்?

பொருளைப் பற்றிய அச்சம் இவ்வனைத்தினும் மேலானது. எதை விற்க அம்முகம் பயன்படுகிறது? பூப்பந்து வீரர் புல்லேலா கோபிசந்த், 2001இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றபின் குளிர்பான விளம்பரம் ஒன்றை ஏற்க மறுத்தார். உடலுக்கு நலமில்லாததைப் பிறர்க்குப் பரிந்துரைக்க அவர் மனம் இசையவில்லை. அம்மறுப்பு இன்றும் பேசப்படுகிறது. ஏற்கும் உரிமை இருந்ததால்தான் அவருடைய மறுப்புக்கு மதிப்பு ஏற்பட்டது. அதே கோபிசந்த், செல்வக் குடும்பமாக இருந்தாலன்றிப் பிள்ளைகளை விளையாட்டில் இறக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி வருவதாக 2025இல் கூறியதையும் உடன் வைத்து எண்ண வேண்டும். வறியவர் ஆட்டத்தை விட்டே விலகும் நிலையில், அவர்க்கு வரும் நேர்மையான வருவாயையும் அடைப்பது அறமாகாது.

எல்லை வகுக்கச் சட்டமும் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்திற்குப் பரிந்துரை செய்பவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். உடல்நல எச்சரிக்கை தேவைப்படும் பொருள்களுக்காகச் சிறாரை நோக்கிச் செய்யப்படும் விளம்பரத்தில் விளையாட்டுப் பிரபலங்கள் தோன்றலாகாது என்று 2022இல் வெளியான மைய அரசின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பணம் கட்டி ஆடும் இணையவழி விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. காலணி இவற்றுள் எதிலும் அடங்காது.

மீண்டும் கும்பளங்கிக்கு வரலாம். கடைக்காரர் தந்துவிட்டுச் சென்ற ஒப்பந்தத் தாள் மூன்று பக்கம். ஆங்கிலத்தில் ஒரு படி, மலையாளத்தில் ஒரு படி. தந்தை மலையாளம் பேசுவார், வாசிக்க அறியார். மாணவிக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. அவள் இடும் கையொப்பம் சட்டத்தின் முன் செல்லாது. ஆகவே கையொப்பமிட வேண்டியவர் வாசிக்க இயலாத தந்தை. வாசிக்க இயன்றவளோ கையொப்பமிட இயலாத மகள். இந்நிலையில்தான் ஏமாற்றம் நுழையும். ஓராண்டு என்று வாயால் சொன்னது தாளில் ஐந்தாண்டாக இருக்கலாம். கடைப் பலகைக்கென்று கேட்ட படம் வேறு பொருள்களுக்கும் செல்லலாம் என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். தேர்வு நாளிலோ போட்டி நாளிலோ கடைக்கு வந்து நிற்க வேண்டும் என்றும் இருக்கலாம். பணம் யாருடைய வங்கிக் கணக்கில் சேரும் என்பதையும் காண வேண்டும். அது மாணவியின் பெயரிலேயே சேர வேண்டும். கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியரோ சட்டம் அறிந்த ஒருவரோ உடனிருக்க, தாளிலுள்ள ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் செய்து கேட்டபின் தந்தை கையொப்பமிடட்டும்.

மாலையில் மகள் பயிற்சி முடிந்து திரும்புவாள். தேய்ந்த பழைய காலணியை வாயிற்படியில் கழற்றிவிட்டு, அம்மூன்று பக்கங்களையும் தந்தைக்கு அருகில் அமர்ந்து தமிழில் சொல்லத் தொடங்குவாள். இரண்டாம் பக்கத்தில் ‘ஓராண்டு’ என்னும் சொல்லை அவள் தேட வேண்டும்.