ஓய்வூதிய வீசாவும் தனித்துவிடப்படும் துணையும்

உழைத்து ஓய்ந்த வயதில், செலவு குறைந்த நாடொன்றில் எஞ்சிய காலத்தைக் கழிக்க விரும்பும் முதியோருக்கெனப் பல நாடுகள் தனியான வீசா முறைகளை வகுத்துள்ளன. தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ், போர்த்துக்கல், ஸ்பெயின் என நீளும் இப்பட்டியலில் 'மை ட்ரீம் ஹோம்' என்ற திட்டத்தின் மூலம் இலங்கையும் சேர்ந்துகொண்டது. வருகின்றவர் வேலைவாய்ப்பில் போட்டியிடமாட்டார். மாதந்தோறும் வெளிநாட்டு நாணயத்தைக் கொண்டுவந்து செலவிடுவார். ஆகவே, இத்தகைய திட்டங்களை அரசாங்கங்கள் விரும்புவதில் வியப்பேதுமில்லை.

எனினும், ஓய்வுபெற்று நாடுவிட்டு நாடு செல்வோரில் கணிசமானோர் தனியாட்களல்லர், தம்பதியர். சட்டமோ தம்பதியரைத் தம்பதியராகக் காண்பதில்லை. ஒருவரை முதன்மை விண்ணப்பதாரி என்றும், மற்றவரை அவரில் தங்கிவாழ்பவர் என்றும் அது பிரித்துவைக்கின்றது. இருவரும் உயிரோடு இருக்கும்வரை இப்பிரிவினை வெறும் படிவ விவகாரமாகவே தோன்றும். ஒருவர் மறைந்த பின்னரே அதன் உண்மையான பொருள் வெளிப்படுகின்றது.

முதலில் இத்திட்டங்களின் கணக்கைப் பார்ப்போம். 'மை ட்ரீம் ஹோம்' திட்டம் 55 வயதைக் கடந்த வெளிநாட்டவரிடம் 15,000 அமெரிக்க டொலர் வைப்பையும், மாதாந்தம் 1,500 டொலர் வரவையும் கோரியிருந்தது. தங்கிவாழும் துணைக்கு மேலதிகமாக 750 டொலர். போர்த்துக்கல்லும் இதே விகிதத்தையே பின்பற்றுகின்றது. அங்கு முதன்மை விண்ணப்பதாரி குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சமமான வருமானத்தைக் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டில் அது 870 யூரோ. துணைக்கு அதில் பாதி. ஸ்பெயின் முதன்மையாளரிடம் மாதம் 2,400 யூரோவும் துணைக்கு 600 யூரோவும் கேட்கின்றது. பிலிப்பைன்ஸில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த விதியின்படி, ஓய்வூதியம் பெறும் தனியாளுக்கு 800 டொலரும் தம்பதியருக்கு 1,000 டொலரும் போதுமானதாக இருந்தன.

ஒரே கூரையின் கீழ் வாழும் இருவருக்கு இரண்டு வீட்டுச் செலவு இல்லை என்ற நியாயம் இதில் உண்டு. குடும்ப வருமானங்களை ஒப்பிடும் பொருளியலாளர்களும் வீட்டிலுள்ள இரண்டாவது வளர்ந்தவரை அரை ஆளாகவே கணக்கிடுகின்றனர். ஆனால், இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு முகம் தெரியும். கணவர் மறைந்த பின்னர் மனைவி தாமே முதன்மை விண்ணப்பதாரியாக மாற வேண்டுமாயின், இலங்கையின் அளவுகோலின்படி இருவருக்கும் சேர்த்துக் கோரப்பட்ட 2,250 டொலரில் மூன்றில் இரண்டு பங்கை அவர் தனியாகக் காட்ட வேண்டும். ஸ்பெயினின் அளவுகோலின்படி ஐந்தில் நான்கு பங்கு. நுழையும்போது துணைக்குக் காட்டப்படும் சலுகை எவ்வளவு தாராளமானதோ, துணையை இழந்தவர் மீது விழும் சுமையும் அவ்வளவு பாரமாகின்றது!

இக்கணக்கை ஓர் உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். பிரித்தானியாவில் முழுத் தகுதியுடன் ஓய்வுபெற்ற ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில் கிடைக்கும் அரச ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண். மாதக் கணக்கில் அது ஏறத்தாழ ஆயிரம் பவுண், அதாவது 1,300 டொலர் அளவில் வரும். கணவனும் மனைவியும் முழுமையாகப் பெறுவார்களாயின் 2,600 டொலர். 2,250 டொலர் என்ற வரம்பை எளிதில் தாண்டிவிடுவார்கள். ஒருவர் இறந்தால் எஞ்சுவது 1,300 டொலர். தனியாளுக்கான வரம்போ 1,500. நேற்றுவரை தகுதியுடையவராக இருந்த ஒருவர், செலவு கூடியதால் அன்றி, துணையை இழந்ததால் தகுதியற்றவராகின்றார். 2016 ஏப்ரலுக்குப் பின்னர் ஓய்வு வயதை எட்டியோருக்கான புதிய அரச ஓய்வூதியம் பெரும்பாலும் வாழ்க்கைத்துணைக்கு உரித்தாவதில்லை என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது.

இதைவிடப் பலர் அறியாத இன்னொரு விடயமும் உண்டு. பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவது அந்நாட்டில் வாழ்வோருக்கும், குறிப்பிட்ட சில நாடுகளில் வாழ்வோருக்கும் மட்டுமே. இலங்கை, தாய்லாந்து, மலேசியா ஆகியன அப்பட்டியலில் இல்லை. பிலிப்பைன்ஸ் இருக்கின்றது. ஆகவே, யாழ்ப்பாணத்திலோ காத்தான்குடியிலோ வந்து குடியேறும் பிரித்தானிய ஓய்வூதியரின் தொகை வந்த நாளின் அளவிலேயே உறைந்துவிடும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து பெறுவதற்கு, 18 வயதுக்குப் பின்னர் குறைந்தது 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருப்பது பொதுவான நிபந்தனை. இல்லையேல் நாட்டை விட்டு நீங்கி ஆறு மாதங்களின் பின் அது நின்றுவிடும். வருமானம் குறைந்தோருக்கான துணைக் கொடுப்பனவோ, எத்தனை ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருந்தாலும், ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே தொடராது. நடுத்தர வயதில் அகதியாகச் சென்று, பின்னர் மனைவியையும் அழைத்துக்கொண்ட குடும்பங்களில், மனைவியின் வதிவிட ஆண்டுகளே பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

முதன்மையாளரின் மறைவு எவ்வாறு துணையின் வதிவிடத்தையே பறிக்கின்றது என்பதற்குத் தாய்லாந்தைப் போல் தெளிவான உதாரணம் வேறில்லை. 50 வயதைக் கடந்தவர் 8 இலட்சம் பாத் வங்கி வைப்பையோ, மாதம் 65,000 பாத் வருமானத்தையோ, இரண்டும் கலந்து ஆண்டுக்கு 8 இலட்சத்தையோ காட்டினால் ஓராண்டு தங்கலாம். துணைவருக்குத் தனியான வைப்புத் தேவையில்லை. திருமணச் சான்றிதழைக் காட்டித் தங்கிவாழ்பவராகப் பதிந்துகொள்ளலாம். பணமுடை உள்ள தம்பதியருக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், துணைவரின் அனுமதி முதன்மையாளரின் அனுமதியோடு பிணைக்கப்பட்டது. முதன்மையாளர் இறந்தால் துணைவரின் அனுமதிக்கு அடிப்படையே இல்லாமற் போகின்றது.

வைப்பு விண்ணப்பதாரியின் தனிப்பெயரில் இருக்க வேண்டும் என்பதே அங்குள்ள பொது விதி. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, விண்ணப்பத்துக்கு முன்னர் இரண்டு மாதங்களும் அனுமதி கிடைத்த பின்னர் மூன்று மாதங்களும் 8 இலட்சம் கணக்கில் கிடக்க வேண்டும். அதன் பின்னரும் 4 இலட்சத்துக்குக் கீழே இறங்கலாகாது. கணக்குக்குரியவர் இறந்ததும் அப்பணம் முடங்கிவிடும். நீதிமன்றம் நிறைவேற்றாளரை நியமிக்கும்வரை மனைவியால் அதைத் தொட முடியாது. கணவரின் ஈமச் செலவும், சட்டத்தரணியின் கட்டணமும், தமக்கெனப் புதிதாக 8 இலட்சம் பாத் திரட்டும் கடமையும் ஒரே நேரத்தில் அவர் தலையில் வந்து விழுகின்றன. அவர் 50 வயதை எட்டாதவராயின் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஆரம்பத்திலேயே இருவரும் தனித்தனி வைப்புடன் தனித்தனியாக விண்ணப்பிப்பதே பாதுகாப்பு. வசதி உள்ளோருக்கு மட்டுமே அது இயலும்.

ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் இவ்விடத்தில் வேறுபடுகின்றன. ஐந்தாண்டுகள் தொடர்ந்து வதிந்த பின்னர் நீண்டகால வதிவிட உரிமை கோர அங்கு வாய்ப்புண்டு. மனைவியும் தம் பெயரிலேயே அதனைப் பெறலாம். அதன் பின்னர் அவரது இருப்பு கணவரின் ஆயுளைச் சார்ந்ததாக இருப்பதில்லை.

தங்கிவாழ்பவராகச் சேர்வதற்கு அடிப்படை ஆவணம் திருமணச் சான்றிதழ். நம் சமூகங்களுக்கு இங்கும் ஒரு சிக்கல் உண்டு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவு இல்லை என்பதனால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாததாகிவிடுவதில்லை. வழக்காற்றின்படி கோயிலில் தாலி கட்டிய திருமணத்தையும் நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. குடிவரவு அதிகாரியின் மேசையில் இவை செல்லுபடியாகா. அவர் கேட்பது காகிதம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களில் எத்தனை காகிதங்கள் வீட்டோடு எரிந்தன என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எழுபது வயதில் சாட்சிகளைத் தேடி அலைவதிலும் பார்க்க, பதிவின் பிரதியைப் பெறுவதோ, பதிவே இல்லாதவர்கள் இப்போதே பதிவுசெய்துகொள்வதோ எளிது.

தாயகம் திரும்ப எண்ணும் புலம்பெயர்ந்தோருக்கு ஓய்வூதிய வீசாவைவிடச் சிறந்த வழி இரட்டைக் குடியுரிமை. 1987ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் வந்த இந்த ஏற்பாடு 2011இல் நிறுத்தப்பட்டு 2015இல் மீளத் தொடங்கியது. 55 வயதைக் கடந்திருப்பதும் அதற்கான தகுதிகளுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. ஆயினும் இலங்கைக் குடியுரிமையை முன்னர் கொண்டிருந்தவருக்கே அது கிடைக்கும். தமிழகத்திலோ மலேசியாவிலோ பிறந்த மனைவிக்கு அது பொருந்தாது. கணவர் இலங்கையராகத் திரும்பிவர, மனைவி வீசாவில் வருகின்றார். மீண்டும் அதே ஏற்றத்தாழ்வு.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இங்கு செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. வைப்பைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைக்க இடமளிக்கலாம். முதன்மையாளர் இறந்தால், துணைவர் 55 வயதை எட்டாதவராயினும், வீசாக் காலம் முடியும்வரை தொடர்ந்து தங்க அனுமதிக்கலாம். அதன் பின்னரான புதுப்பித்தலின்போது 1,500 டொலரைக் கோராமல், அவருக்கென முன்னர் ஏற்றுக்கொள்ளப்பட்ட 750 டொலரையே வரம்பாகக் கொள்ளலாம். அந்தத் தொகைக்கு ஒருவர் இந்நாட்டில் வாழ முடியும் என்று கணக்கிட்டது அரசாங்கமே. கணவர் உயிரோடிருந்தபோது சரியாக இருந்த அக்கணக்கு, அவர் இறந்த மறுநாள் எவ்வாறு பிழைத்துப்போகும்?

தம்பதியர் தரப்பிலும் கவனம் தேவை. இருவரும் இலங்கையில் பிறந்து குடியுரிமையை இழந்தவர்களாயின், ஒருவர் மட்டும் இரட்டைக் குடியுரிமை பெற்றால் போதும் என்று எண்ணுவது தவறு. 2015இல் மீளத் தொடங்கியபோது முதன்மை விண்ணப்பதாரிக்கு 250,000 ரூபாவும் வாழ்க்கைத்துணைக்கு 50,000 ரூபாவுமே கட்டணமாக விதிக்கப்பட்டது. அந்த இரண்டாவது கட்டணத்தை வீண்செலவென்று கருதித் தவிர்த்த குடும்பங்கள், இன்னும் காலம் இருக்கும்போதே இரண்டாவது விண்ணப்பத்தையும் கையளிப்பது நல்லது.