சாமிக்கு வேறு நாய் இல்லையா?

வீட்டிலே வளர்ந்த நாய் இறந்துவிட்டது. நேற்றுவரை வாலாட்டி வாயிற்படியில் வரவேற்ற உயிர், இன்று கோணிப்பையின்மீது விறைத்துக் கிடக்கிறது. அருகே அமர்ந்த ஆறு வயதுக் குழந்தை, "மணி ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்கிறது. எளிய கேள்விதான். ஆனால் ஏடு பல கற்ற பெரியவர்களும் அதைக் கேட்டு எத்துணைத் தடுமாற்றம் அடைகிறார்கள்! உண்மையைச் சொல்ல நா எழவில்லை. ஓடுகிறார்கள் பூசையறைக்கு, கொண்டுவருகிறார்கள் ஒரு பொய்யை!

"சாமி அழைத்துக்கொண்டார்" என்பார் பாட்டி. "மறுபிறவியில் நம் வீட்டுக்கே வரும்" என்பார் தாத்தா. "தூங்குகிறது, தொல்லை செய்யாதே" என்பாள் தாய். "வெள்ளிக்கிழமை கும்பிடச் சொன்னேன், கேட்டாயா? அதற்குத்தான் இது!" என்று அடிப்பாள் அத்தை. இவற்றுக்கெல்லாம் ஆறுதல் என்று பெயராம்!

ஆறுதலா இவை? ஆராய்வோம், தோழர்களே!

சாமி அழைத்துக்கொண்டார் என்றால், "சாமிக்கு வேறு நாய் இல்லையா? என் நாய்தானா கிடைத்தது?" என்று குழந்தை கேட்குமே, என்ன விடை வைத்திருக்கிறீர்கள்? அண்டசராசரங்களுக்கும் அதிபதி என்று நீங்கள் போற்றுபவரை, அறியாச் சிறுவனின் தோழனைப் பறித்தவராக ஆக்கியது யார்? நாத்திகரா? நீங்களல்லவா! இன்று மணியை அழைத்தவர் நாளை அம்மாவை அழைக்கமாட்டாரா என்ற அச்சம் அந்தப் பிஞ்சு நெஞ்சிலே புகுந்தால், அதை எந்த மந்திரத்தால் ஓட்டுவீர்கள்?

தூங்குகிறது என்றீர்கள், அன்றிரவு கண்மூடக் குழந்தை அஞ்சும். மறுபடி பிறக்கும் என்றீர்கள்; தெருவில் காணும் குட்டிக்கெல்லாம் மணி என்று பெயர் சொல்லி அழைத்து, திரும்பிப் பாராதது கண்டு நாள்தோறும் ஏமாறும். கும்பிடாததற்குத் தண்டனை என்றீர்களே, அதுதான் கொடுமையிலும் கொடுமை! தான் கொன்றுவிட்டதாகவே அக்குழந்தை எண்ணும். அந்தப் பழியை ஆண்டுக்கணக்கில் சுமக்கும்.

"குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் வைக்கலாம் என வள்ளுவரே இசைந்திருக்கிறாரே!" என்று வாதிட வருவர் சிலர். வரட்டும்! வள்ளுவர் விதித்த நிபந்தனையை அவர்கள் மறைக்கவேண்டாம். நன்மை விளையவேண்டும், அதுவும் குற்றமற்ற நன்மையாக இருக்கவேண்டும். அச்சமும் ஏமாற்றமும் பழியுணர்வும் விளைகிற இடத்தில் அந்தக் குறளுக்கு என்ன வேலை?

"பச்சைக் குழந்தைக்குச் சாவைப்பற்றி என்ன தெரியும்?" என்பர். தெரியாது, ஆகவேதான் சொல்லவேண்டும். அங்கேரி நாட்டில் மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் சாவைப்பற்றிக் கேட்டறிந்து, மரியா நாகி என்ற உளவியலறிஞர் 1948இல் ஆய்வொன்றை வெளியிட்டார். மிகச் சிறிய குழந்தைகள் சாவை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ கருதுகின்றனர் என்று கண்டார். குழந்தை தானாகக் கொள்ளும் மயக்கத்தைத் தெளிவிப்பது பெரியவர் கடமை. நாமோ அதே மயக்கத்துக்கு மாலையிட்டு, தீபம் காட்டி, நிலைக்கவைக்கிறோம்!

அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரிலே கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் 1982இல் மறைந்தார். ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் 1983 நவம்பரில், அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்பதைக் குழந்தைகளுக்கு வெளிப்படையாகவே சொன்னார்கள். மோட்சத்தைத் துணைக்கு அழைக்கவில்லை, கூடியிருந்து நினைவுகூர்ந்தார்கள்.

நினைவுகூர்தல் நமக்குப் புதிதா? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது; ஏழாம் நூற்றாண்டு. ஆநிரைப் போரில் மாண்ட வீரனோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு பேசுகிறது. நடுகல்லுக்குப் படையலிட்டனர் என்பது மெய்யே. ஆயினும் கல்லில் வெட்டியது எதை? அந்த நாயின் பெயரையும் அது செய்த செயலையும்! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பது அதுதான்.

ஆகவே, தாய்மார்களே, குழந்தையை மடியில் அமர்த்திச் சொல்லுங்கள்: "மணி இறந்துவிட்டது. அதன் இதயம் நின்றுவிட்டது. இனி வலிக்காது, பசிக்காது, திரும்பியும் வராது. உன்மேல் குற்றம் எதுவுமில்லை." அழுதால் அழவிடுங்கள், உடன் அழுதாலும் இழுக்கில்லை. குழி தோண்டும்போது ஒரு பிடி மண்ணை அந்தச் சிறு கையிலும் கொடுங்கள். பெயரெழுதிய கல்லொன்றை நடச் செய்யுங்கள்.

நோயால் இறந்ததானால் நோயின் பெயரையும் சொல்லுங்கள். பார்வோ என்ற நச்சுயிரி குட்டிகளைக் கொல்லும். அதைத் தடுக்க ஊசி உண்டு. சாமி அழைத்தார் என்று நம்பும் வீட்டிலே அடுத்த குட்டிக்கும் ஊசி போட யார் நினைப்பார்கள்? உண்மை உரைக்கப்படும் வீட்டிலோ, மருத்துவரிடம் போகலாம் என்று குழந்தையே நினைவூட்டும்.

பொய் சொல்லிக் கண்ணீரை நிறுத்துவது எளிது. மெய் சொல்லிக் கண்ணீரைத் துடைக்க அன்பு வேண்டும், நேரம் வேண்டும், பக்கத்திலே உட்காரப் பொறுமை வேண்டும். அவற்றைத் தர மனமில்லாதவர்களே ஆண்டவனை அனுப்பிவைக்கிறார்கள்!