தையல் பிரித்ததோடு சிகிச்சை முடிவதில்லை

மூளையில் கட்டி, இரத்தக் கசிவு போன்ற காரணங்களால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் உயிர் பிழைத்து வீடு திரும்பினால், பெரிய கண்டம் நீங்கியது என்று குடும்பத்தார் பெருமூச்சு விடுகிறார்கள். அது நியாயமே. ஆனால் மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் பாண்டுப்பிலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அடுத்த கண்டம் வீட்டிலேயே காத்திருக்கிறது. மோரியின் ஈரத் தரை, மேல்தளத்துக்குப் போகும் செங்குத்தான இரும்பு ஏணி, பொதுக் கழிப்பறைக்குச் செல்லும் குறுகிய சந்து ஆகிய இவை ஆரோக்கியமானவரையே சறுக்கிவிடக்கூடியவை. கால் வலுவிழந்தவர் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி விழுந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கண்டிப்புத்தான். பார்த்து நடக்கத் தெரியாதா என்று கேட்கிறார்கள். மனத்தில் தைரியம் இல்லை என்றும் சொல்கிறார்கள். இது தவறு. விழுவது அசட்டையாலும் அல்ல, கோழைத்தனத்தாலும் அல்ல. அதற்கு மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பல சரிசெய்யக் கூடியவை.

மூளையின் இடப்பக்கம் வலக் காலையும், வலப்பக்கம் இடக் காலையும் இயக்குகின்றன. காலை இயக்கும் பகுதி, மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள பிளவை ஒட்டி உச்சியில் அமைந்திருக்கிறது. எனவே அந்த இடத்தில் கட்டி இருந்தவருக்குக் கை நன்றாக இருந்தும் கால் மட்டும் இழுக்கும். சிறுமூளையில் பாதிப்பு இருந்தால் காலில் வலு இருந்தும் நடை தள்ளாடும். பக்கவாட்டுப் பார்வை குறைந்தவர் நிலைக்கதவில் இடித்துக்கொண்டு விழுவார். மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை வாரக்கணக்கில் சாப்பிட்டால் தொடைத் தசை தளர்ந்து, குந்தினால் எழ முடியாமல் போகலாம். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் அளவு மிஞ்சினாலும் தள்ளாட்டம் வரும். ஆகவே ஒவ்வொரு முறை விழுந்ததையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்துதான் காரணம் என்று தாமே முடிவு செய்து, அதைத் திடீரென்று நிறுத்துவது பேராபத்து.

குடும்பங்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கின்றன. விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நோயாளியைக் கட்டிலை விட்டே இறங்க விடுவதில்லை என்பது ஒன்று. அசையாத கால் நாளுக்கு நாள் மெலியும். கெண்டைக்கால் நாளத்தில் இரத்தம் உறைந்து வீங்கவும் இடமுண்டு. தையல் பிரித்த மறுவாரமே வேலைக்கோ, இரண்டு இரவு ரயில் பயணமாக ஊருக்கோ அனுப்பிவிடுவது மற்றொன்று. ஊரில் கவனிக்க ஆள் இருக்கலாம். ஆனால் இங்கே தொடங்கிய நடைப்பயிற்சி அங்கே தொடருமா என்று விசாரிக்காமல் அனுப்புவது, பாதி கட்டிய சுவரைக் கைவிடுவதற்குச் சமம். சிலருக்கு இந்தத் தளர்ச்சி சில வாரங்களில் நீங்கும். சிலருக்கு மாதங்கள் ஆகும். சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். எதுவானாலும் பயிற்சி முக்கியம்.

வீட்டில் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. படுக்கையிலிருந்து எழுபவர் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். உடன் நடப்பவர் வலுவிழந்த பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு பழுதாகும். கைத்தடி பொதுவாக வலுவுள்ள பக்கத்தில் இருக்க வேண்டும். மோரியில் உறுதியான நாற்காலி போட்டுக் குளிப்பாட்டலாம். இரவில் சிறுநீர்ப் புட்டி பக்கத்தில் இருந்தால் இருட்டில் சந்துக்குப் போக வேண்டியதில்லை. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூர எறிய வேண்டும்.

தலையில் அடிபட்டால் மட்டும் தாமதம் கூடாது. வெளியே காயம் இல்லாவிட்டாலும் உள்ளே இரத்தம் மெல்லக் கசியலாம். உடனேயோ, சில வாரங்கள் கழித்தோ தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கால் மேலும் தளர்தல் இவற்றில் எது கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அவசரமாக வேலைக்கு ஓடுவதன் காரணம் வயிறு என்பதை யாரும் மறுக்க முடியாது. அதனால்தான் உரிமைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாட்கள், கூலியில் 70 சதவீதம் என்பது பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உதவி உண்டு. மண்டையோட்டுக்குள் வளரும் கட்டியும் ஒரு பக்கத் தளர்ச்சியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2 ஆண்டுத் தொடர் வேலை, 156 நாள் சந்தா ஆகிய நிபந்தனைகள் நிறைவேறினால், கூலியில் 80 சதவீதம் வரை 2 ஆண்டுகள் பெற வழியிருக்கிறது. அரசு அலுவலகக் குமாஸ்தாவுக்கு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 துணை நிற்கிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்.

நடக்க வைப்பதும் மருத்துவமே என்பதை வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வெகு காலத்துக்கு முன்பே காட்டியது. 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறை தொடங்கிய அதே நிறுவனத்தில், 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு வழிகாட்டிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து சக்கர நாற்காலியில் பணிபுரிந்தவர். மும்பையிலும் ஹாஜி அலியில் 1955-லேயே மத்திய அரசு ஒரு மறுவாழ்வு நிலையத்தை நிறுவியது. ஆனால் கால் இழுக்கும் நோயாளி கூட்ட நெரிசலில் அவ்வளவு தூரம் எப்படிப் போவார்?

எனவே நடைப்பயிற்சி, பேட்டைகளிலுள்ள மாநகராட்சி மருந்தகங்களுக்கு வர வேண்டும். விடுவிப்புச் சீட்டில் மருந்துப் பெயர்களோடு, எப்படி எழ வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையும் நோயாளி படிக்கும் மொழியில் எழுதித் தர வேண்டும். விழாக்களுக்கு நிதி திரட்டும் தமிழ் அமைப்புகள், சில நடைச் சட்டங்களையும் சக்கர நாற்காலிகளையும் வாங்கி வைத்து இரவல் தரலாம். ஒரு பந்தல் செலவு அதற்குப் போதும். உயிரைக் காத்துக் கொடுத்த அறுவைச் சிகிச்சை, கழிப்பறை வாசலில் வீணாகிவிடக் கூடாது.