நோன்பு வேறு, பட்டினி வேறு

1925 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கூலித் தொழிலாளி சந்து ஒன்றில் விழுந்து உயிர் விட்டார். வயது 69. ஆஸ்பத்திரியில் உடுப்பைக் கழற்றியவர்கள் திடுக்கிட்டார்கள். உடம்பில் இரும்புச் சங்கிலிகள்!

எந்த முதலாளியும் பூட்டிய சங்கிலி அல்ல. தவமுயற்சியாகத் தானே பூட்டிக்கொண்டது. அவர் பெயர் மாட் டால்பட். மரக்கிடங்குக் கூலியாள். சிறு வயதிலேயே குடிக்கு அடிமையாகி, 1884ல் அதை அடியோடு விட்டவர். பலகைதான் படுக்கை, மரக்கட்டைதான் தலையணை. மிஞ்சிய கூலியைத் தானம் செய்தார். 1975ல் போப்பாண்டவர் ஆறாம் பால் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்று அறிவித்தார்.

தோழர்களே, இந்த மனிதரை நாம் கேலி செய்யப் போவதில்லை. கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு வீடு திரும்புகிறவனை நாம் அறிவோம். குடியை விடுவது எவ்வளவு பெரிய போர் என்பதும் தெரியும். நம் கேள்வி வேறு.

அதே டப்ளின். 1913 ஆகஸ்டில் ஜிம் லார்க்கின் தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "சங்கத்தை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வெளியே போ!" என்றது முதலாளிக் கூட்டம். அதன் தலைவர் டிராம் கம்பெனி அதிபர் வில்லியம் மார்ட்டின் மர்ஃபி. அவரும் பக்தியுள்ள கத்தோலிக்கரே! சுமார் 20,000 பேர் கதவடைப்புக்கு இரையானார்கள். ஊரில் ஒற்றை அறையில் அடைந்து கிடந்த குடும்பங்களும் சுமார் 20,000. செப்டம்பர் 2ந் தேதி சர்ச் தெருவில் இற்றுப்போன குடியிருப்பு இடிந்து 7 பேர் மாண்டார்கள்.

பட்டினி கிடந்த பிள்ளைகளைச் சில காலம் இங்கிலாந்துத் தொழிலாளர் வீடுகளில் வைத்துச் சோறு போட அக்டோபரில் ஏற்பாடு நடந்தது. அதிமேற்றிராணியார் வால்ஷ் என்ன செய்தார்? பிள்ளையை அனுப்பும் தாய் கத்தோலிக்கத் தாய் என்ற பெயருக்கே தகுதியற்றவள் என்று கடிதம் எழுதினார். குருமார் துறைமுகத்துக்கே போய்த் தடுத்தார்கள். பிள்ளைகளின் விசுவாசம் கெட்டுவிடுமாம்! வயிறு காய்ந்தால் மட்டும் விசுவாசம் வளருமோ?

1891ல் போப்பாண்டவர் 13ம் லியோ தொழிலாளர் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். கூலியை மோசம் செய்வது பெரும் பாவம் என்று அதில் உண்டு. துன்பம் மனிதனுக்கு விதிக்கப்பட்டது, பொறுத்துக்கொள் என்றும் உண்டு. 22 வருஷம் கழித்து, டப்ளின் துறைமுகத்தில் அந்த முதல் பேச்சு எங்கே போயிற்று? பொறுமை மட்டும்தானே தாய்மாருக்குக் கிடைத்தது!

நோன்பிருப்பவன் சோறு இருந்தும் ஒதுக்குகிறான். பட்டினி கிடப்பவனுக்கு ஒதுக்கவே சோறில்லை. டால்பட் தன் சங்கிலியைத் தானே பூட்டினார். வேண்டாமென்றால் தானே கழற்றியிருக்கலாம். டப்ளின் குழந்தை எந்த விரதம் எடுத்தது? அதன் வயிற்றைப் பூட்டியவன் மர்ஃபி. அந்தப் பூட்டுக்குச் 'சிலுவை' என்று பெயர் வைத்தால், பூட்டியவன் தப்பிவிடுகிறான்.

1914 தொடக்கத்தில் பசி அந்தத் தொழிலாளரை வேலைக்குத் திரும்ப வைத்தது. ஆனால் சங்கம் சாகவில்லை. சில வருஷங்களில் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

விரதம் இருக்க விரும்புகிறவன் இருக்கட்டும். அது அவன் மனசாட்சி. ஆனால் அவன் தட்டில் சோறு இருக்க வேண்டும். அதை வேறொருவன் பறிக்கக் கூடாது. அதற்குத்தான் சங்கம்!