முற்றத்து மண்ணும் முட்டையின் தூய்மையும்

ஊர்க்கோழி முட்டை தூயது, கடை முட்டை தீயது என்னும் எண்ணம் நம்மவரிடையே வேதவாக்காக நிலவி வருகின்றது. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு விரும்பிக் கொடுக்கப்படுவதும் ஊர்க்கோழி முட்டையே. வளவிற் கிளறித் தின்னும் கோழியிடத்து நஞ்சு ஏது என்று கேட்போர் பலர். அவ்வளவின் மண்ணில் என்ன உண்டு என்று கேட்போர் மிகச் சிலர். கேட்கப்படாத அவ்வினாவிலேயே ஆபத்து உறைகின்றது.

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 55 வீடுகளின் கோழிகளை ஆராய்ந்து, மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர் 2022ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டுக்கோழி முட்டைகளில், கடை முட்டைகளிலும் பார்க்கச் சராசரியாக 40 மடங்கு ஈயம் காணப்பட்டது. தீவனத்தை விடுத்து மண்ணைக் கிளறும் சுதந்திரமே இங்கு தீங்காயிற்று. வாகனங்கள் பல்லாண்டுகள் கக்கிய ஈயப் பெற்றோற் புகையும், பழைய வீடுகளின் ஈயங் கலந்த வர்ணப்பூச்சும் அம்மண்ணிற் படிந்துள்ளன. அங்கு ஈயப் பெற்றோல் 2002இல் ஒழிந்தது, ஈயம் ஒழியவில்லை. அஃது உக்குவதுமில்லை, அழிவதுமில்லை.

உடலினுள் ஈயம் கல்சியத்தைப் போலவே நடந்துகொள்கின்றது. கோழியின் எலும்பிற் சேர்ந்து, முட்டையிடும் வேளை எலும்பிலிருந்து கல்சியம் இளகும்போது தானும் உடன் இளகி முட்டையை அடைகின்றது. அம்முட்டையை விரும்பி ஊட்டப்பெறுவோர் குழந்தைகள். உட்கொள்ளும் ஈயத்தை வளர்ந்தோரிலும் 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சவல்லவர்களும் அவர்களே. மூளை வளர்ச்சியைக் குன்றச்செய்யும் இந்நஞ்சுக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பாட்டனும் பூட்டனும் உண்டு வாழவில்லையா எனச் சிலர் வாதிடுவர். பூட்டன் உண்ட கோழி கிளறிய மண் வேறு. பெற்றோற் புகை படிந்த மண் வேறு. இன்னுஞ் சிலர், வீட்டுக்கோழி வளர்ப்பையே கைவிடுக என்பர். இதுவும் பேதைமையே. குற்றம் கோழியினதன்று, அதனை வளர்க்கும் ஏழைத் தாயினதுமன்று. மண்ணை நஞ்சாக்கி இலாபம் ஈட்டியோர் ஒருபுறமிருக்க, அதன் விலையைக் குழந்தை செலுத்துவது எவ்வகை நீதி?

சட்டங்களும் இவ்விடத்து உறங்குகின்றன. அவுஸ்திரேலியாவிற் குடியிருப்பு மண்ணுக்கு வகுக்கப்பட்ட ஈய எல்லை கிலோகிராமுக்கு 300 மில்லிகிராம். முட்டை தீங்கற்றதாயிருக்க மண்ணில் ஈயம் ஏறக்குறைய 117 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது மேற்படி ஆய்வின் முடிபு. மனிதர் நடமாட ஏற்ற மண், கோழி மேய ஏற்றதன்று என்பது இதனாற் பெறப்படும்.

இலங்கையிலும் ஈயப் பெற்றோல் 2002 வரை விற்கப்பட்டது. எனவே சிட்னியின் பாடம் நமக்கும் உரியது. பெருந்தெருவோர வளவுகளின் மண்ணைச் சோதித்து மக்களுக்கு உண்மையை உரைப்பது அரசினதும் பல்கலைக்கழகங்களினதும் கடன். அதுவரை, பழைய சுவரோரத்திலும் வீதியோரத்திலும் கோழியை மேயவிடாது, தூய மண் பரப்பிய அடைப்பில் வளர்ப்பது வீட்டாரின் கடன். தூய்மை என்பது ஊர் என்னும் பெயரில் இல்லை, மண்ணில் இருக்கின்றது. மண்ணை மறந்தவர் முட்டையைப் போற்றுதல் வீண்.