ஏரிமேல் குடியிருப்பவனின் விண்ணப்பம்

சென்ற மாதம் செயற்குழுக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, அன்பர் ஒருவர் ஒரு நோட்டீசை என் கையில் திணித்தார. கொல்கத்தாவின் கிழக்கு பைபாஸுக்கு அப்பால் வீட்டு மனைகள், விலை மலிவு, பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் மலிவு. "தமிழர்களாகச் சேர்ந்து ஒரு காலனியே அமைத்துவிடலாம், சார்" என்றார். விசாரித்துப் பார்த்தேன். அந்த இடம் சமீப காலம்வரை மீன் வளர்த்த குளம்.

முதலில் என் வாக்குமூலத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பதே சால்ட் லேக்கில்தான். 1962-ல், டாக்டர் பி.சி. ராய் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கி, ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி, உப்பு ஏரியை மேடாக்கி எழுப்பிய பேட்டை அது. எனவே நான் பேசுவது ஊருக்கு உபதேசமாகப் படலாம். பரவாயில்லை, கேளுங்கள்.

இந்த நகருக்கு மேற்கே ஹூக்ளி ஓடினாலும், நிலத்தின் சரிவு கிழக்கு நோக்கித்தான். ஆகவே நம் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் முதல் சகலமும் கிழக்கேதான் போகிறது. ஒரு காலத்தில் அங்கே வித்யாதரி ஆறு கடல் நீரை ஏற்றிக் கொண்டுவந்தது. உப்பு நீர் மீன் வளர்ந்தது. ஆறு மெல்லத் தூர்ந்தது. 1928-ல் செத்த ஆறு என்றே கைவிட்டுவிட்டார்கள். அத்துடன் பிழைப்பும் போயிற்று என்று அங்கிருந்தவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. உப்பு குறைந்த நீர்நிலையில் நகரத்தின் சாக்கடை நீரை அளவாக விட்டு, ரோகு, கட்லா போன்ற நன்னீர் மீன்களை வளர்க்கக் கற்றார்கள். 'பேரி' என்று இங்கே சொல்கிறார்களே, அந்தக் குளங்கள் இவைதாம்.

ஒருமுறை விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். மீன் வாடையே ஆகாத என்னைக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு வங்காளி நண்பர். ஆழம் அதிகமில்லாததால் வெயில் அடிவரை இறங்குகிறது. வெயிலில் பாசி பெருகுகிறது, பாசி பிராணவாயு தருகிறது, கழிவைக் கிருமிகள் சிதைக்கின்றன, பாசியை மீன் தின்கிறது. அலை கரையை அரிக்காமலிருக்க ஓரங்களில் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நாம் பிடுங்கி எறியத் துடிக்கும் களைக்கு அங்கே உத்தியோகம்! நாற்றம் இருக்கும் என்று மூக்கில் கைக்குட்டையோடு போனவன், அதைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் தாப்பாவில் குப்பை மேட்டு உரத்தில் காய்கறி விளைகிறது. லேக் மார்க்கெட்டில் நம் வீட்டார் வாங்கும் காலிபிளவருக்கும் அந்த மண்ணோடு உறவிருக்கலாம்.

1980-களில் இந்த ஏற்பாட்டின் மதிப்பை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னவர் அரசு எஞ்சினியர் துருவஜோதி கோஷ். 2018-ல் காலமானார். 1992-ல் உயர்நீதிமன்றம் இங்கே நிலத்தை மாற்றுவதற்குத் தடை போட்டது. 2002-ல் 12,500 ஹெக்டேரும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006-ல் தனிச் சட்டமே வந்தது. இத்தனை காகிதம் இருந்தும் குளங்கள் குறைகின்றன. சட்டம் குளத்தைக் காக்கலாம். கால்வாயில் சேறு மண்டிக் கழிவுநீர் சரியாக வராதபோது குளத்துக்காரர் என்ன செய்வார்? அவர் மகன் கட்டடக் காவலுக்குப் போகிறான். பராமரிக்காத குளத்துக்கு மனை வியாபாரி விலை வைக்கிறார். நிலம் மாறினால் மனிதர் மாறுகிறார், மனிதர் விலகினால் நிலம் போகிறது. எது முதலில் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2025 செப்டம்பரில், பூஜைக்குச் சில நாட்களுக்கு முன் கொட்டிய மழையில் நம்மில் எத்தனை பேர் முழங்கால் தண்ணீரில் நடந்தோம்! கிழக்கே தண்ணீர் தங்க இடமிருந்தும் அந்தக் கதி. 2015-ல் சென்னை வேளச்சேரியில் தண்ணீர் புகுந்த உறவினர் வீடுகளுக்கு இங்கிருந்து பணம் அனுப்பியவர்களும் நம் சங்கத்தில் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பின் கதையை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடு வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் இருபது வருடம் தவித்தவன் நான். ஏற்கெனவே மேடான நிலத்தில், அடுக்கு மாடியாகத் தேடுவோம், விலை கூடுதல்தான். என் வீட்டைத் திரும்ப ஏரியாக்க என்னால் முடியாது. ஆனால் பதினோராவது கையெழுத்துக்கு இடம் விட்டிருந்த அந்த நோட்டீசை அன்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வருத்தப்பட்டார். வரும் ஞாயிறு விடியற்காலை என்னுடன் பேரிக்கு வருவதாக மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேனில் இன்னும் ஆறு பேருக்கு இடமிருக்கிறது.